ஊர் திரும்புவோர் இயல்

திருநெல்வேலி டவுணில் பிறந்து, சென்னையிலோ பெங்களூரிலோ வேலையில் அமர்ந்து, கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வந்து இறங்கும் மனிதரை இக்கட்டுரை ஊர்திரும்பி எனக் குறிக்கும். ஊர் சீரழிந்து கிடந்தால் அவருக்கு வருத்தப்படவும் பேசவும் நிறையக் கிடைக்கும். அது தம்மைக் கேளாமலே நன்றாகிவிட்டது என்பதைத்தான் அவரால் பொறுக்க முடிவதில்லை.

ரயில் நிலையமும் அதைச் சுற்றிய கடைப்பகுதியும் சேர்ந்த இடத்தை நெல்லைக்காரர் ஜங்ஷன் என்பர். அங்கிருந்த பெரியார் பேருந்து நிலையம், 2017இல் இந்நகரம் சீர்மிகு நகரத் திட்டத்தில் இடம்பெற்ற பின் இடிக்கப்பட்டு, ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்து, ஒருவழியாகப் புதுக் கட்டடமாக எழுந்தது. பழைய நிலையத்தின் நெடியை மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்தவரே இன்று, "என்ன இருந்தாலும் அந்த ஸ்டாண்ட் மாதிரி வருமா வே" என்று பெருமூச்செறிகிறார். 2003 முதல் வெளியூர்ப் பேருந்துகள் நிற்கும் வேய்ந்தான்குளமோ பெயரிலேயே குளத்தை வைத்திருக்கிறது. பெருமழையில் தண்ணீர் அங்கே வந்து தேங்குவதைக் காணும்போது, தண்ணீரும் ஊர்திரும்பி இனந்தானோ என்று ஐயுற வேண்டியிருக்கிறது.

ஆட்சியர் அலுவலகத்தில் சிரஸ்தாராக, அதாவது உள்நாட்டு அலுவலர்களின் தலைவராக இருந்த சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தைக் கொட்டி, 1843இல் தாமிரபரணிக்குப் பாலம் அமைந்தபோது, ஓடத்தில் கடந்த நாள்களை எண்ணிக் கண் கலங்கியவர் ஒருவராவது இருந்திருப்பார் என்று ஊகிக்கலாம். 1973இல் ரயில் பாதைக்கு மேலே ஈரடுக்குப் பாலம் வந்தபோதும் அத்தகையோர் இருந்திருப்பர். வேடிக்கை என்னவெனில், இன்றைய ஊர்திரும்பி கைப்பேசியில் படமெடுத்து, பழைய ஊரின் சாட்சி என்று காட்டுவது இவ்விரு பாலங்களையுந்தான்.

தேர் ஓடும் நான்கு வீதிகளுள் ஒன்றாகிய கீழ ரத வீதியில் அவருக்குச் சற்று ஆறுதல் உண்டு. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே, மாலையில் சில மணி நேரம் மட்டும் மங்கிய வெளிச்சத்தில் அல்வா விற்கும் இருட்டுக்கடை, தெருவெல்லாம் விளக்கு வந்த பின்னும் தன் இருட்டைக் கைவிடவில்லை. வறுமையினால் அன்று, வியாபாரம் தெரிந்ததனால். ஆனால் வரிசையில் அவருக்கு முன்னே நிற்பவர் வெளியூர்ச் சுற்றுலாப் பயணி. மண்ணின் மைந்தர் என்ற சலுகை அங்கே செல்லாது.

டவுணிலேயே வாழ்வோரிடம் இக்குறைகளைச் சொன்னால், "நீங்க நாலு நாள் இருந்துட்டுப் போயிருவிய அண்ணாச்சி, மழையிலயும் வெயில்லயும் பஸ்ஸுக்கு நிக்கது நாங்கல்லா" என்ற விடை கிடைக்கும். அதற்கு மறுமொழி இதுவரை எந்த ஊர்திரும்பியிடமும் இருந்ததில்லை. ஆகவே ஊர் மாறிவிட்டது என்று குறை கூற விரும்புவோர் ஆனித் திருவிழாவுக்கு வந்து, ஆள்கள் கூடி இழுக்கும் நெல்லையப்பர் தேருக்கு ஒருமுறை வடம் பிடித்துவிட்டு, அதன் பிறகு சொல்வார்களாக.