மெமரிக்கும் கத்திரி வெயில்

கே: எண்ணூர் வெயிலில் லாரி கேபினுக்குள் தூங்கவிட்ட லேப்டாப்பின் மெமரிக்கு மறதி வருமா? உள்ளே இருக்கும் ஆசிலேட்டர் ஒரே சீராக ஓடினால் போதாதா?
– வாசகர், திருவொற்றியூர்

ப: மறதி அதன் பிறவிக் குணம். ஐ.பி.எம்.மின் ராபர்ட் டென்னார்டு 1968-ல் காப்புரிமை பெற்ற டிராம் மெமரியில், ஒவ்வொரு பிட்டும் ஒரு குட்டிக் கெப்பாசிட்டரில் நிற்கும் மின்னூட்டம்தான். அது ஓட்டைக் குடம். டிடிஆர்4 சிப்பில் எல்லா வரிசைகளையும் 64 மில்லி நொடிக்குள் படித்துத் திரும்ப எழுதியாக வேண்டும். சிப்பின் சூடு 85 டிகிரியைத் தாண்டினால் 32-க்குள். லேப்டாப் தூங்கும்போது இந்தத் தாளத்தைப் போடுவது சிப்புக்குள்ளேயே இருக்கும் ஆசிலேட்டர். சூடு ஏற ஏறக் கசிவு வேகமாகக் கூடும். ஆகவே ஒரே சீராக ஓடும் ஆசிலேட்டர் இங்கே யோக்கியமானது, ஆனால் உதவாது. இன்வெர்ட்டர்களை வளையமாகக் கோத்த சாதாரண ஆசிலேட்டரோ, அவசரப்பட வேண்டிய வெயிலில் பெரும்பாலும் சோம்பிவிடும்!

குவார்ட்ஸ் வைக்கலாமே என்பீர்கள். அது சிலிக்கானில் அச்சாகாத தனிப் பொருள். தவிர, நமக்கு வேண்டியது பஞ்சாங்கத் துல்லியம் அல்ல. எப்போதும் வேகமாகவே ஓட்டலாமே? ஓட்டலாம், பேட்டரி சம்மதித்தால். அதனால்தான் வடிவமைப்பாளர்கள் மின்னழுத்தம் ஆடினாலும் அசையாமல், வெப்பத்துக்கு மட்டும் வேகம் கூட்டும்படி ஆசிலேட்டரை அமைக்கிறார்கள். எண்ணூர் 40 டிகிரியைத் தொட்டாலும் சிப்பின் 85-க்கு இன்னும் தூரம் இருக்கிறது. ஆனால் மூடிய கேபின், அடைத்த பை, ஓடாத விசிறி மூன்றும் சேர்ந்தால் அந்தத் தூரம் சுருங்கும். லேப்டாப்பை நிழலில் வையுங்கள்.