எழுபது வளைவு ஏறாத சுயாட்சி

அதிகாரப் பகிர்வைப் பற்றித் தமிழ்நாடு பேசிய அளவுக்கு இந்தியாவில் வேறெந்த மாநிலமும் பேசியதில்லை. 1969இல் ராஜமன்னார் குழு. 1974இல் சட்டப்பேரவையில் மாநில சுயாட்சித் தீர்மானம். 2025இல் நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் இன்னொரு குழு. கடல் தாண்டியும் நம் அக்கறை நீளும். இலங்கை அரசமைப்பின் 13ஆவது திருத்தம் வந்து இத்தனை ஆண்டாகியும் காணி அதிகாரம் மாகாண சபைக்கு ஏன் போகவில்லை, போலீஸ் அதிகாரம் எங்கே என்று கொழும்பைக் கேட்காத கட்சி இங்கே உண்டா? நியாயமான கேள்விதான். ஒரு சிறுபான்மை இனம் வாழும் நிலத்தின் தலையெழுத்தைப் பெரும்பான்மை தனியாக உட்கார்ந்து எழுதக் கூடாது. அது நம் கொள்கை.

அந்தக் கொள்கை காரவள்ளி அடிவாரம் வரை ஜோராக வருகிறது. அங்கிருந்து கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு. கொள்கைக்குத் தலை சுற்றுகிறது போலும், அங்கேயே இறங்கி டீ குடிக்கப் போய்விடுகிறது.

மேலே அரியூர் நாடு, குண்டூர் நாடு, சேலூர் நாடு, வளப்பூர் நாடு, தின்னனூர் நாடு என்று மொத்தம் பதினான்கு நாடுகள். மக்களில் மிகப் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். வட்டாட்சியர் என்றொருவர் பிறப்பதற்கு முன்பே ஊர்க்கவுண்டர், பட்டக்காரர், நாட்டார் என்று வழக்கு பேசித் தீர்த்தவர்கள். (அந்தப் பஞ்சாயத்துகளில் பெண்ணுக்கு இடமில்லை. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.) இன்று அந்த நாடுகள் ஊராட்சிகள். 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்தது, நிர்வாகம் தனி அலுவலர் கைக்குப் போனது. மனு எழுத இன்னொரு முகவரி கிடைத்தது, அவ்வளவே.

இப்படிப்பட்ட ஊர்களுக்காகத்தான் அரசமைப்பில் ஐந்தாவது அட்டவணை இருக்கிறது. ஆந்திரா, தெலங்கானா, ஒடிசா, ஜார்க்கண்ட் என்று பத்து மாநிலங்களில் ‘அட்டவணைப் பகுதிகள்’ உண்டு. அட்டவணைப் பகுதி ஊராட்சிகளுக்கான 1996ஆம் ஆண்டின் பெசா சட்டம் அங்கே கிராம சபைக்குப் பல்லும் நகமும் கொடுத்தது: சிறு வன மகசூல், நிலம் கைமாறுவதைத் தடுப்பது, மதுவை ஒழுங்குபடுத்துவது. தமிழ்நாட்டில் அட்டவணைப் பகுதி ஒரு சென்ட்கூடக் கிடையாது. அட்டவணைப் பகுதியாக அறிவிக்க தேபர் ஆணையம் 1961இல் சொன்ன தகுதிகள் என்ன? பழங்குடியினர் பெரும்பான்மையாக இருக்க வேண்டும், பகுதி ஒன்றுசேர்ந்து இருக்க வேண்டும், நிர்வாக அலகாக நிற்க வேண்டும், பொருளாதாரத்தில் பின்தங்கியிருக்க வேண்டும். கொல்லிமலை தனி வட்டம், தனி ஊராட்சி ஒன்றியம், சுற்றிலும் சரிவு. இதைவிட ஒன்றுசேர்ந்த இடம் வேண்டுமென்றால் தீவுக்குத்தான் போக வேண்டும். வேடிக்கை என்னவென்றால், ஒருங்கிணைந்த பழங்குடியினர் வளர்ச்சித் திட்டத்தில் இதே மலை இருக்கிறது. ஆடு கொடுக்கும்போது பழங்குடிப் பகுதி. அதிகாரம் கேட்கும்போது நாமக்கல் மாவட்டத்தில் இன்னொரு ஒன்றியம்.

‘எதுவுமே இல்லை என்கிறாயா, பழங்குடியினர் ஆலோசனைக் குழு இருக்கிறதே’ என்பார் ஓர் அதிகாரி. இருக்கிறது ஐயா. உறுப்பினர் இருபதுக்கு மிகாமல், அவர்களில் முக்கால் பங்கு கூடியவரை பழங்குடி எம்.எல்.ஏ.க்கள் என்கிறது அட்டவணை. 234 பேர் உள்ள பேரவையில் பழங்குடித் தனித்தொகுதி எத்தனை? ஏற்காடு, சேந்தமங்கலம். முடிந்தது. மக்களவைக்கு ஒன்றுமில்லை. பதினைந்து நாற்காலிக்கு இரண்டு பேர், மிச்சத்துக்கு நியமனம். அந்தக் குழுவும் ஆளுநர் எதைக் கேட்கிறாரோ அதற்கு மட்டும் ஆலோசனை சொல்ல வேண்டும். கேட்காவிட்டால் வாய் திறக்கிற வேலை இல்லை.

குழு கிடக்கட்டும், சாதிச் சான்றிதழ் வாங்கிப் பாருங்கள். அரியூர் நாட்டில் மிளகும் மரவள்ளியும் வைத்திருக்கும் ஒருவர் மகளின் கல்லூரிச் சேர்க்கைக்காக முதல் பஸ்ஸில் நாமக்கல் இறங்குகிறார். ‘பேருக்குப் பின்னால் கவுண்டர்னு இருக்கே, நீ எப்படிப்பா எஸ்.டி.?’ என்கிறது மேசை. தாத்தாவின் நிலப் பத்திரத்தைக் காட்டுகிறார். ‘இது ஜெராக்ஸ், ஒரிஜினல் எங்கே?’ பாட்டன் காலத்திலிருந்து மலையில் இருப்பவர் தான் மலையாளிதான் என்று சமவெளியில் நிரூபிக்க வேண்டும். இவருக்காவது நாமக்கல் பிரிந்துவந்த பழைய சேலம் மாவட்டம் கைகொடுக்கும். பழங்குடியினர் பட்டியலில் மலையாளிகளுக்கு மாவட்டக் கட்டுப்பாடு உண்டு: தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சி. ஈரோடு இல்லை. ஆகவே பர்கூர் மலையில் குடியிருக்கும் அதே இனம் பழங்குடி அல்ல. வட ஆற்காடும் தென் ஆற்காடும் வரைபடத்தை விட்டே போய்விட்டன, பட்டியலில் மட்டும் சாகாவரம் பெற்றிருக்கின்றன.

சரி, அட்டவணைப் பகுதி என்ற முத்திரை இல்லாததால் என்ன நஷ்டம்? கொல்லிமலையில் மால்கோ நிறுவனம் அலுமினியத்துக்காக பாக்சைட் வெட்டியது. 1997இல் சமதா வழக்கில் உச்ச நீதிமன்றம், அட்டவணைப் பகுதியில் தனியார் சுரங்கத்துக்கு அரசு நிலத்தைக் குத்தகைக்கு விடக் கூடாது என்றது. விசாகப்பட்டினத்து மலைக்கு அந்தத் தீர்ப்பு கவசம். கொல்லிமலைக்கு அது செய்தித்தாள். பழங்குடியினர் நிலத்தைப் பிறர் வாங்குவதைத் தடுக்க ஆந்திராவிலும் கேரளத்திலும் தனிச் சட்டம் உண்டு. சமூகநீதியின் தொட்டிலில் இல்லை. ரிசார்ட் போர்டுகள் முளைப்பதற்கு மண்வளம் மட்டும் காரணமில்லை.

வன உரிமைச் சட்டம் 2006இல் வந்தது. தன்னைக் கேட்காமல் பட்டா தரக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2008இல் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது 2016இல். எட்டு ஆண்டுகள் இந்த மாநிலம் தூங்கிய தூக்கத்தை ஜல்லிக்கட்டுத் தடைக்கு எதிராக நாம் காட்டிய வேகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காளைக்கு மெரினா இருந்தது.

ஆனால் ஆடி வந்தால் அரசுக்கு மலை ஞாபகம் வந்துவிடும். வல்வில் ஓரி விழா, மலர்க் கண்காட்சி, செல்ஃபி. ஓரியைக் கொன்ற காரி கொல்லிமலையைத் தூக்கிச் சேரனிடம் கொடுத்தான். மலையில் இருந்தவர்களை யாரும் கேட்டதாகச் சங்கப் பாட்டில் இல்லை. அன்றைய நடைமுறை இன்றும் அமலில் இருக்கிறது.

‘அங்கே என்ன போரா நடந்தது, ஈழத்தோடு ஒப்பிடுகிறாயே’ என்று சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். அளவு வேறு, ரத்தம் வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குண்டு வெடித்தால்தான் அதிகாரப் பகிர்வு பற்றிப் பேசுவோம் என்றால், அமைதியாக இருப்பவனுக்கு நாம் கற்றுக்கொடுக்கும் பாடம் என்ன? 2011 கணக்கில் தமிழ்நாட்டுப் பழங்குடியினர் 7.94 லட்சம், நூற்றுக்கு ஒருவர் சொச்சம். தேர்தலில் எண்ணத் தேவையில்லாத தொகை. அதுதான் உண்மைக் காரணம், மற்றதெல்லாம் கோப்பு.

அட்டவணைப் பகுதியை அறிவிப்பவர் குடியரசுத் தலைவர். கேட்க வேண்டியது மாநிலம். கொல்லிமலை வட்டத்தை அறிவியுங்கள் என்று பேரவையில் ஒரு தீர்மானம் போடுங்கள், கூடவே நிலமாற்றத் தடைச் சட்டம் ஒன்றும் கொண்டுவாருங்கள். இரண்டாவதற்கு டெல்லிதான் தொடங்க வேண்டும் என்பதில்லை. முதலாவதை டெல்லி மறுத்தால் திட்டலாம், அந்த ஊர்வலத்துக்கு நானும் வருகிறேன். முதலில் கேளுங்கள்.