வீட்டு சர்வரை அடங்கலில் எந்தப் பயிராக ஏற்றுவது?

பரமத்தி வேலூர் வட்டத்தில் என்னென்ன விளைகிறது என்பதைக் கிராமக் கணக்கு எண் 2, அதாவது அடங்கல், பசலிதோறும் எழுதிவைக்கிறது. வெற்றிலை, வாழை, தென்னை, கரும்பு, மரவள்ளி, கோரை என எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. வீட்டு அலமாரியின் மேல்தட்டில், மோடத்துக்குப் பக்கத்தில், இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸ் சர்வருக்கு மட்டும் இடமில்லை. மின்வாரியம் அதை வீட்டு உபயோகம் என்கிறது. பழுது பார்க்கும் கடைக்காரர் பழைய லேப்டாப் என்கிறார். வீட்டுப் பெரியவர்கள் ‘அந்தப் பொட்டி’ என்கிறார்கள். இந்த மூன்று வகைப்பாடும் பிழை. பிறப்பாலும் வளர்ப்பாலும் வரும் நோயாலும் வீட்டு சர்வர் ஒரு வேளாண் பயிர். குறிப்பாகச் சொன்னால் வெற்றிலைக் கொடிக்கால் இனத்தைச் சேர்ந்தது. இதை நிறுவி, அடங்கலில் அதற்கு உரிய பத்தியைப் பெற்றுத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஆய்வுப் பொருளை வரையறுப்போம். வீட்டிலுள்ள போன்களும் டிவியும் கேட்கும்போதெல்லாம் கேட்டதை எடுத்துக் கொடுப்பதற்கென்றே ஒரு கணினி தூங்காமல் கிடந்தால் அது வீட்டு சர்வர். கல்யாண ஆல்பம், ஸ்கேன் செய்த பட்டா, பேரப்பிள்ளையின் வீடியோ, பழைய படங்கள் எல்லாம் அதற்குள் இருக்கும். கோப்புகளை நெக்ஸ்ட்கிளவுடும் படங்களை ஜெல்லிஃபினும் பரிமாறும். இவற்றுக்கெல்லாம் அடியில் இருப்பது லினக்ஸ். 1991 ஆகஸ்ட் 25 அன்று ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், ஓர் இயங்குதளத்தைப் பொழுதுபோக்காக எழுதிவருவதாக அறிவித்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவரால் அதை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. விவசாயத்தில் இறங்கியவர்களுக்கு இதில் வியப்பு எதுவும் இருக்காது.

பிறப்பிலிருந்து தொடங்குவோம். வெற்றிலையை யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை. நல்ல கொடியிலிருந்து கணுவோடு நறுக்கி எடுத்து நடுகிறார்கள். ஆகவே ஒரு தோட்டத்துக் கொடி இன்னொரு தோட்டத்துக் கொடியின் பிரதியே. லினக்ஸின் வம்சமும் இப்படித்தான் பரவியது. 1993-இல் இயன் மர்டாக் டெபியனைத் தொடங்கினார். அதிலிருந்து நறுக்கி நட்டது 2004-இல் வந்த உபுண்டு. அதே டெபியனிலிருந்து நறுக்கி நட்ட இன்னொரு கொடிதான் 2007-இல் சென்னை சி-டாக் வெளியிட்ட பாஸ். 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழ்நாடு அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் மாணவர் கைக்கு வந்த கணினிகளில் விண்டோஸோடு இந்த பாஸும் இருந்தது. வேளாண் துறை நாற்று வழங்குவதைப் போல அரசே லினக்ஸை வீட்டுக்கு வீடு வழங்கிய நிகழ்ச்சி இது. இலவச நாற்றுக்கு நேரும் கதியே பல வீடுகளில் அதற்கும் நேர்ந்தது: நடாமலே கிடந்தது. ஆனால் பயிர் வகையைத் தீர்மானிப்பது நட்டார்களா என்பதல்ல, எப்படிப் பெருகுகிறது என்பதே. தாவரவியலில் இதற்கு மாற்றுக் கருத்து இல்லை.

அடுத்தது வளர்ப்பு முறை. கொடிக்காலில் வெற்றிலை தானாக நிற்காது. முதலில் அகத்தியை விதைத்து, அது எழுந்த பிறகே கொடியை நட்டு ஏற்றுகிறார்கள். வீட்டு சர்வருக்கு அகத்தி, பரணில் கிடக்கும் பழைய லேப்டாப்தான். கீபோர்டில் நாலு எழுத்து விழுந்திருக்கலாம், திரையில் கோடு ஓடலாம். அகத்தி கோணலாக வளர்ந்தாலும் கொடிக்குக் குறையில்லை. அதன் பேட்டரியில் அரை மணி நேரத்துக்கு உயிர் மிச்சமிருந்தால் போதும், துணைமின் நிலையத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் திடீரென்று சாயாமல் முறைப்படி அணைந்துகொள்ளும். பிறகு, கொடி ஓங்கிவிட்டால் அதை அப்படியே விட முடியாது. இறக்கி, சுருட்டி, மண்ணில் புதைத்து மறுபடி ஏற்றிக் கட்ட வேண்டும். அப்போதுதான் புதுத் தளிர் வரும். டெபியன் ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கொரு முறை புதுப் பதிப்பு விடுவதும், சர்வர்க்காரர் பழையதை இறக்கிப் புதியதை ஏற்றிக் கட்டுவதும் இந்தப் பணியேதான். இறக்கும்போது கொடி ஒடிவதும், பதிப்பு மாற்றும்போது இரவு இரண்டு மணிக்குத் திரை கறுப்பாக நிற்பதும் ஒரே ரக நஷ்டம்.

பாசனத்துக்கு வருவோம். கொடிக்காலுக்கு நீர் அடிக்கடி வேண்டும், அளவாகவும் வேண்டும். ஆகவே முறை வைத்துப் பாய்ச்சுகிறார்கள். சர்வரில் இந்த முறையைப் பார்த்துக்கொள்வது கிரான் என்னும் ஏவலாள். நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்ற ஐந்து கட்டங்களை நிரப்பிவிட்டால், சொன்ன நேரத்துக்குச் சொன்ன மடையைத் திறக்கும். ஜேடர்பாளையம் தடுப்பணையில் காவிரியிலிருந்து பிரிந்து இவ்வட்டாரத்தைச் செழிக்க வைக்கும் ராஜா வாய்க்காலில் தலைமடை, கடைமடை என்ற பேதம் உண்டு. இணையத்திலும் உண்டு. பழைய முறை இணைய முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடி. உலகத்திலுள்ள கருவிகளுக்கு அவை போதவில்லை. ஆகவே பல நிறுவனங்கள் ஒரே முகவரிக்குப் பின்னால் பல வீடுகளை அடைத்து வைக்கின்றன. அப்படி அடைபட்ட வீட்டு சர்வரிலிருந்து தண்ணீர் வெளியே போகும். வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. பெங்களூருவில் வேலை பார்க்கும் மகன் வேலூர் வீட்டு சர்வரைத் தொட முடியாமல் தவிப்பது கடைமடைப் பிரச்சினையே அன்றிக் கணினிப் பிரச்சினை அன்று. அவர் 2020-இல் லினக்ஸின் கருவான கெர்னலுக்குள்ளேயே சேர்க்கப்பட்ட வயர்கார்டைக் கொண்டு தனிக் குழாய் பதித்துத் தப்பிக்கிறார். கடைமடையில் போர் போட்டுக்கொள்பவரும் இதையே செய்கிறார்.

நோய்ச் சான்று இன்னும் வலுவானது. வெற்றிலையை அழிக்கும் வாடல் நோய்க்குக் காரணமான பூசணம் பாசன நீர் வழியாகவே தோட்டத்துக்குத் தோட்டம் பரவுகிறது. உயிர் கொடுக்கும் நீரே நோயையும் கொண்டுவருகிறது. சர்வரை இணையத்துக்குத் திறந்து, தொலைவிலிருந்து நுழைவதற்கான 22-ஆம் கதவை (போர்ட்) அடைக்காமல் விட்டுப் பாருங்கள். எங்கோ இருக்கும் தானியங்கி நிரல்கள் வந்து ‘ரூட்’, ‘அட்மின்’ என்று பெயர் சொல்லிப் பூட்டை ஆட்டத் தொடங்கும். அவற்றுக்கு வேலூர் வெற்றிலையின் மீதோ உங்கள் கல்யாண ஆல்பத்தின் மீதோ தனிப்பட்ட பகை கிடையாது, பூசணத்துக்கும் கிடையாது. கொடிக்காலில் போர்டோ கலவை ஊற்றுகிறார்கள். சர்வரில் கடவுச்சொல் நுழைவை நிறுத்திச் சாவிக்கோப்பை மட்டும் அனுமதித்து, திரும்பத் திரும்ப வருபவரை ஃபெயில்டுபேன் கொண்டு தடுக்கிறார்கள். இரண்டிலும் மருந்தை நோய் வந்தபின் ஊற்றுபவரே அதிகம் என்பது இரண்டும் ஓரினம் என்பதற்குக் கூடுதல் சான்று.

இனி அளவை. ஒரு கவுளிக்கு நூறு வெற்றிலை. வேலூர் ஏலத்தில் வெள்ளைக்கொடியானாலும் கற்பூரியானாலும் ஒரு சுமைக்கு 104 கவுளி. நூறோடு நிறுத்தாமல் அந்த நாலு கவுளி எதற்கு என்ற கேள்விக்கு இக்கட்டுரை தரும் விடை: இழப்புக்கு முன்கூட்டியே இடம் விட்டுவைத்தல். 1988-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் ரெய்டு என்ற பெயரில் கட்டுரையாக எழுதியதும் இதைத்தான்: ஒரு டிஸ்க் செத்தாலும் மற்றவற்றிலிருந்து அதை மீட்கும்படி கொஞ்சம் உபரி வை. ஆனால் நாலு கவுளி உபரி, மொத்தச் சுமையும் ஆற்றோடு போவதைத் தடுக்காது. அதற்கு மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறிடத்தில் என்னும் விதி வேண்டும். வேறிடம் என்றதும் வேலூர்க்காரர் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள சொந்தக்காரர் வீட்டை நினைப்பார். மேட்டூரில் லட்சம் கன அடிக்கு மேல் திறந்தால் இரு கரைக்கும் ஒரே எச்சரிக்கைதான். இருகரையில் ஒவ்வொன்றாக வைத்த பிரதிகள் இரண்டு பிரதிகள் ஆகா. மேட்டு நிலமான நாமக்கல் பக்கம் ஒரு சம்பந்தி இருப்பது இவ்வகையில் மிக நல்லது.

இனி மறுப்புகள். பயிருக்கு மண் வேண்டுமே, சர்வரில் மண் ஏது என்பது முதல் மறுப்பு. கேட்பவர் எந்தப் பழைய லேப்டாப்பின் அடிமூடியையும் கழற்றிப் பார்த்ததில்லை. கோடைக்குப் பிறகு விசிறியைச் சுற்றி இருக்கும் மண்ணில் கீரை விதைக்கலாம். விளைச்சல் எங்கே, ஏலத்துக்கு என்ன வரும் என்பது இரண்டாவது. வெற்றிலையாலும் யாருக்கும் வயிறு நிறைவதில்லை. ஆனால் அது இல்லாமல் இந்த நாட்டில் நிச்சயதார்த்தம் நடக்காது. வங்கியில் பத்திரத்தின் நகலைக் கேட்கும் நாளன்று சர்வருக்கும் அந்த மரியாதை கிடைக்கும். மூன்றாவது மறுப்பு பிழைப்பறிந்தவர்களுடையது: ஓடுகிற இயந்திரத்தைத் தொடாமல் விட்டால் தானாக ஓடும், பயிரை அப்படி விட முடியாது, ஆகவே இரண்டும் ஒன்றல்ல என்பார்கள். எத்தனை நாளாக அணையாமல் ஓடுகிறது என்று காட்டும் கட்டளையில் 400 நாள் என்று வந்தால் அவர்கள் மீசையை முறுக்குவார்கள். சாதாரணமாகக் கெர்னலைப் புதுப்பித்தால் ரீபூட் செய்தாக வேண்டும். ஆகவே அந்த 400 நாள் என்பது 400 நாளாகக் கெர்னலுக்கு மருந்து அடிக்கவில்லை என்பதற்கு அவர்களே எழுதிக் கொடுத்த வாக்குமூலம். தொடாமல் விட்ட கொடிக்காலும் சில நாள் பச்சையாகத்தான் தெரியும்.

நான்காவது மறுப்பை மட்டும் நின்று கேட்க வேண்டும். இவ்வளவு பாடு எதற்கு, மாதம் கொஞ்சம் பணம் கட்டினால் பெரிய நிறுவனங்களின் கிளவுட் இதைவிட நன்றாகப் பார்த்துக்கொள்ளாதா? பார்த்துக்கொள்ளும். அவர்களுடைய பொறியாளர்கள் நம் வீட்டு மகனைவிடத் திறமைசாலிகள். அவர்களுடைய கட்டடத்தில் மாதாந்திர மின்தடை தெரியாது. வெற்றிலையையும் சந்தையில் வாங்கிக்கொள்ளலாம், கொடிக்கால் வைத்தே தீர வேண்டும் என்று சட்டமில்லை. ஆனால் கிளவுட் சந்தை அல்ல, குத்தகை. குத்தகைக்கு உழுபவரை நினைத்த நேரத்தில் வெளியேற்ற முடியாதபடி 1955-லேயே இங்கே சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. கிளவுட் குத்தகைக்கு அப்படிச் சட்டமில்லை. கணக்கில்லாமல் படங்களை இலவசமாக வைத்துக்கொள்ளச் சொன்ன கூகுள் போட்டோஸ், 2021 ஜூன் 1 முதல் அந்தச் சலுகையை நிறுத்தியது. அறிவித்துவிட்டுத்தான் செய்தார்கள், நிபந்தனையில் இருந்த உரிமையைத்தான் பயன்படுத்தினார்கள். குறை அவர்கள் மீதல்ல. நிலம் யாருடையதோ அவரே வரப்பை நகர்த்துவார். தினமும் களை எடுக்கும் தொல்லையைக் கொடுத்துவிட்டு நிலத்தை மட்டும் வைத்துக்கொள்ளும் வழி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. சொந்தம் என்று இதுவரை சொல்லிவந்ததில் பெரும்பகுதி பராமரிப்பு என்பதைக் கொடிக்கால்காரர்கள் எப்போதோ அறிந்துகொண்டார்கள். கணினிக்காரர்கள் இப்போதுதான் அறிகிறார்கள்.

ஆகவே மின்சாரத்துக்கு வருவோம். இக்கட்டுரையின் உள்நோக்கம் அதுவே என்று வாசகர் ஏற்கெனவே ஊகித்திருப்பார். தமிழ்நாட்டில் விவசாயிகள் அனைவருக்கும் 1990 முதல் பம்புசெட் மின்சாரம் இலவசம். பழைய லேப்டாப் ஒன்று 20 வாட் இழுத்தால் நாளுக்கு அரை யூனிட்டுக்கும் சற்றுக் குறைவு, இரு மாதக் கணக்கில் 29 யூனிட். வீடுகளுக்கான 100 இலவச யூனிட்டில் இது கால் பங்குக்கு மேல். ஐந்து குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரத்தில் குடிப்பதை சர்வர் ஏறத்தாழ எட்டு நாள் வைத்துக் குடிக்கும். இவ்வளவு சிக்கனமான பயிருக்குச் சலுகை மறுப்பது நியாயமா? மோட்டார் இல்லையே என்று மின்வாரியம் தடை சொல்லலாம். விசிறிக்குள் மோட்டார் இருக்கிறது, சத்தமும் போடுகிறது. நாள்கணக்கு ஒத்துவராது என்று வருவாய்த் துறை சொன்னால் அதுவும் நிற்காது. உலகமெல்லாம் ஒரு காலண்டர் பார்க்க, ஜூலையில் ஆண்டு பிறக்கும் பசலியை வைத்திருக்கிறது அத்துறை. சர்வரோ 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை எண்ணித் தனக்கென ஒரு சகாப்தம் வைத்திருக்கிறது. பழைய 32-பிட் கணினிகளில் அந்த எண்ணிக்கை 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடியோடு நிரம்பிவிடும். பசலி 1447-க்குள் மனுவை முடித்துவைக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் திட்டமான கெடு எந்த ஜமாபந்தியிலும் வந்திருக்காது.

அடங்கலில் ஏற்றவேண்டிய பதிவை ஆய்வின் முடிவாக முன்வைக்கிறோம். பயிர்: லினக்ஸ், கொடி வகை. பரப்பு: அலமாரியில் ஒரு தட்டு. பாசனம்: கடைமடை. விளைச்சல்: வீட்டார் உண்டது போக மீதமில்லை. குறிப்பு: இறவை, இரவிலும் உழைப்பு. வட்டாட்சியர் அலுவலகத்தில் இந்த மனுவைக் கொடுக்க நினைக்கும் சர்வர் உடைமையாளர்கள் அதற்கு முன் ஒன்று செய்துவிட வேண்டும். எடுத்துவைத்த பேக்கப்பிலிருந்து ஏதாவது ஒரு கோப்பை இந்த வாரமே திறந்து பாருங்கள். திறக்காவிட்டால் உங்களுடையது தரிசு. அதற்கு அடங்கலில் ஏற்கெனவே பத்தி இருக்கிறது.