ராஜா இல்லாத ஊர்

ஊர் வரலாறு எழுத உட்காருகிறவர்களுக்கு ஒரு சம்பிரதாயம் உண்டு. முதலில் ஒரு கோட்டை, அடுத்து ஒரு முற்றுகை, கடைசியில் சுரங்கப்பாதை வழியாகத் தப்பித்துப்போன ராணி. தேனிக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. செப்பேடு வேண்டுமா? சின்னமனூருக்குப் போங்கள், பாண்டியர்களின் வம்சாவளியே அங்கேதான் அகப்பட்டது. ஜமீன் வேண்டுமா? போடிநாயக்கனூர். தாலுகா ஆபீஸ்? அது பெரியகுளத்தில் இருந்தது. கொட்டகுடி ஆற்றங்கரையில் அல்லிநகரம் என்ற ஊர் தன் பாட்டுக்கு இருக்க, பக்கத்தில் மதுரை ரோடும் பெரியகுளம் ரோடும் கம்பம் ரோடும் முட்டிக்கொண்டன. முட்டிய இடத்தில் சந்தை கூடியது, கமிஷன் கடை வந்தது, நேரு சிலை வந்தது. 1996இல் மதுரையைப் பிரித்து மாவட்டம் அறிவித்தபோது, செப்பேடும் ஜமீனும் பார்த்துக்கொண்டிருக்க, தலைநகர் பட்டம் இந்த முச்சந்திக்குப் போனது. நகராட்சியின் பெயர் மட்டும் இன்றைக்கும் தேனி அல்லிநகரம். மூத்தவரைத் திண்ணையில் உட்காரவைத்திருக்கிறார்கள்.

பூகோளம் சுலபம். மேற்கே மலை, மலைக்கு அங்கிட்டு கேரளம். தென்மேற்குப் பருவமழை அங்கிட்டே கொட்டித் தீர்த்துவிட்டு, இங்கிட்டு வெறும் காற்றை அனுப்பும். ஆடி மாதம் தேனியில் வேட்டி கட்டியவருக்கு இரண்டு கையும் வேட்டிக்கே சரியாக இருக்கும். வருசநாட்டு மலையில் பிறக்கும் வைகை முதலில் வடக்கே ஓடுகிறது. பிறகு யோசனை மாறி மதுரைப் பக்கம் திரும்புகிறது. அவ்வளவு தூரம் போயும் கடல் வரை போகச் சோம்பல்பட்டு ராமநாதபுரம் கண்மாயில் படுத்துக்கொள்கிறது. இப்படிப்பட்ட நதியை நம்பி எவன் ராஜ்யம் நிறுவுவான்?

இந்தப் பக்கம் வந்த முதல் பிரபலம் கண்ணகி. மதுரையை எரித்த கையோடு வைகைக்கரை ஓரமாகவே நடந்து மலையேறியதாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. வழியில் யாரும் “எங்கம்மா போற?” என்று கேட்டதாக இளங்கோ எழுதவில்லை. ஒரு ஊரைக் கொளுத்திவிட்டு வருகிற அம்மாளிடம் யார் பேச்சுக் கொடுப்பார்கள்? வேங்கை மரத்தடியில் நின்றவளை, பதினாலாவது நாள் கோவலன் வானவர்களோடு வந்து அழைத்துப்போனான். அந்த இடம்தான் கூடலூருக்கு மேலே எல்லையில் இருக்கும் மங்கலதேவி கோட்டம் என்பது இப்பக்கத்து நம்பிக்கை. வருஷத்துக்கு ஒரு நாள், சித்திரா பௌர்ணமிக்கு மட்டும் மேலே விடுவார்கள். அதற்கும் இரண்டு மாநில அதிகாரிகள் கூடிப் பேச வேண்டும். பாண்டியன் சபையில் சிலம்பை ஒரே போடாகப் போட்டு வழக்கை முடித்தவளுக்கு இது தேவைதான்.

அடுத்து ஒரு பாண்டியன், வீரபாண்டி. பார்வை போனவன், முல்லையாற்றங்கரையில் கௌமாரியை வேண்டித் திரும்பப் பெற்றான் என்பது ஐதீகம். கண் தெரிந்த ராஜா யாரும் இங்கே வந்து தங்கியதாகக் கதைகூட இல்லை. சனி பகவான் தேவலை. மற்ற இடங்களில் இரண்டரை வருஷம் இருந்துவிட்டுக் கிளம்பிவிடுவார். குச்சனூரில் சுயம்புவாக நிரந்தரக் குடியே வந்துவிட்டார். பள்ளத்தாக்கின் சீதோஷ்ணம் அப்படி.

உண்மையான சரித்திரம் மலைக்கு அங்கிட்டு வீணாக மேற்கே ஓடிய பெரியாற்றில் தொடங்குகிறது. அதை இங்கிட்டு இழுக்கலாமே என்று 1789லேயே ஆள் அனுப்பிப் பார்த்தவர் ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை. யோசனை இருந்தது, பணம் இல்லை. 1808இல் கேப்டன் கால்டுவெல் என்ற ஆங்கிலேயர் வந்து அளந்து பார்த்து, இது சுத்தப் பகற்கனவு என்று எழுதிக் கோப்பை மூடினார். 1850இல் மறுபடி தொடங்கினார்கள்; காய்ச்சல் வந்து கூலியாட்கள் மலையிறங்கிவிட்டார்கள். கடைசியில் 1876இன் பெரும் பஞ்சம் வந்து லட்சக்கணக்கில் ஜனம் செத்த பிறகுதான் சர்க்காருக்கு மூளை விழித்தது.

1886இல் திருவிதாங்கூர் மகாராஜாவிடம் 8,000 ஏக்கரைக் குத்தகைக்கு வாங்கினார்கள். ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய். கால அளவு 999 வருஷம். ஆயிரமாகவே கேட்டிருக்கலாம், ஏதோ கூச்சம். பெரியாற்றின் குறுக்கே அணை கட்டக் கர்னல் பென்னிகுயிக் காட்டுக்குள் இறங்கினார். வெள்ளம் வந்து கட்டியதை அடித்துப்போனது, யானை வந்தது, மலேரியா வந்தது. ஆட்கள் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். அவர்கள் பெயரில் மணிமண்டபம் கிடையாது. எஞ்சியவர்களைக் குளிரிலும் காய்ச்சலிலும் நிற்கவைத்ததில் சாராயத்தின் பங்கு பெரிது என்று ஆங்கிலேயர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். மதுவிலக்குக் கூட்டங்களில் இந்தத் தகவலை யாரும் சொல்வதில்லை. 1895இல் கவர்னர் வென்லாக் பிரபு வந்து திறந்துவைத்தார். மலையைக் குடைந்த சுரங்கம் வழியே மேற்கே போன தண்ணீர் கிழக்கே விழுந்தது. மதுரைக்கும் ராமநாதபுரத்துக்கும் என்று கொண்டுவந்த தண்ணீரில், வழியில் இருந்த கம்பம் பள்ளத்தாக்கு முதல் கை நனைத்துக்கொண்டது. பத்திரிகைகள் சலிக்காமல் எழுதும் 14,707 ஏக்கர் இருபோகம் அதுதான்.

ராஜா இல்லாத குறையும் அத்தோடு தீர்ந்தது. ஜனவரி 15 பென்னிகுயிக்கின் பிறந்தநாள். பொங்கலும் அதை ஒட்டியே வருவதால் துரைக்கும் ஒரு பானை ஏறுகிறது. வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் கோட்டு போட்ட துரை. பையன் பெயரும் பென்னிகுயிக். அவர் சொந்தச் சொத்தை விற்று அணையை முடித்தார் என்பது பள்ளத்தாக்கின் வேதம். அதற்குப் பத்திரம் கேட்கிற ஆராய்ச்சியாளர்கள் கூடலூர் டீக்கடையில் குரலைத் தாழ்த்திக் கேட்பது உடம்புக்கு நல்லது.

1970இல் ஒப்பந்தத்தைத் திருத்தினார்கள். வாடகை ஏக்கருக்கு 30 ரூபாய் ஆனது; மீன்பிடிக்கும் உரிமை கேரளத்துக்குப் போனது. தண்ணீர் நமக்கு, அதில் நீந்துவது அவர்களுக்கு. அதன்பிறகு அணை எத்தனை அடி நிறையலாம் என்று சண்டை. 2014இல் உச்ச நீதிமன்றம் 142 அடி என்றது. தேனி மாவட்டத்தில் பாட்டிக்குத் தன் வயது தெரியாமல் இருக்கலாம், அணையின் நீர்மட்டம் தெரியும். நியூட்ரினோ பிடிக்கிறோம் என்று விஞ்ஞானிகள் பொட்டிப்புரத்தில் இன்னொரு மலையைக் குடையக் கேட்டபோது ஊர் சம்மதிக்கவில்லை. முதல் ஓட்டையில் தண்ணீர் வந்தது, இதில் என்ன வரும் என்று கேட்டதற்கு, கண்ணுக்குத் தெரியாத துகள் என்று பதில் சொன்னால் எப்படி?

மலையேறவும் இறங்கவும் இந்த ஊர் படாத பாடு பட்டது. மூணாறு தேயிலை ஒருகாலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குக் கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு இறங்கியது. தேயிலைக்கு அந்தச் சவாரி கிடைத்த நாளில் மனிதனுக்கு ரயில் இல்லை. 1928இல் மதுரை–போடி ரயில் வந்தது. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் வெள்ளைக்காரன் தண்டவாளத்தையே கழற்றிக்கொண்டு போய்விட்டான். ஹிட்லரை மடக்க ஆண்டிபட்டிக் கணவாயின் இரும்பும் தேவைப்பட்டிருக்கிறது. சுதந்திர இந்தியா திரும்பப் போட்டது. 2010 முடிவில் அகலப்பாதை ஆக்குகிறோம் என்று மறுபடி கழற்றினார்கள். 2022 மே மாதம்தான் தேனிக்கு ரயில் வந்தது. போடிக்கு வர இன்னும் ஒரு வருஷம் ஆனது. உலகப் போரைவிட அகலப்பாதை ஏறக்குறைய இரண்டு மடங்கு காலம் எடுத்துக்கொண்டது.

அரசியலைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1984இல் எம்.ஜி.ஆர். நியூயார்க் ஆஸ்பத்திரியில் படுத்தபடியே ஆண்டிபட்டியில் ஜெயித்தார். 1989இல் ஜெயலலிதாவை முதன்முதலாகச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது போடி. பெரியகுளத்துக்காரர் ஒருவர் மூன்று முறை முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தாரா, பார்த்துக்கொண்டாரா என்பது தனி விவாதம். அல்லிநகரம் பாரதிராஜாவையும் பண்ணைப்புரம் இளையராஜாவையும் கோடம்பாக்கத்துக்கு அனுப்பின. ராஜா இல்லை என்ற புகாருக்கு ஊர் தந்த பதில் என்றே இதை எடுத்துக்கொள்ளலாம்.

999 வருஷக் குத்தகை 2885வாக்கில் முடிகிறது. அதுவரை அவசரமில்லை. ஆனால் ரயில் விஷயம் அப்படியல்ல. வர நினைக்கிறவர்கள் தண்டவாளம் இருக்கும்போதே வந்துவிடுங்கள்.