விரும்பும் வரை ஐந்தாண்டு

கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-ல் தொடங்கி ஜூன் 14-ல் முடியும், 61 நாள். தடைக்கு உட்படாத உவரி நாட்டுப்படகுக்காரர்கூட அதை வைத்து மீன் விலையைக் கணித்துவிடுவார். ஆளுநர் பதவியை வைத்து அப்படி எதையும் கணிக்க முடியாது.

அரசமைப்பின் 156-வது பிரிவு தாராளமானது. பதவிக்காலம் ஐந்தாண்டு என்கிறது. குடியரசுத் தலைவர் விரும்பும் வரை என்கிறது. அடுத்தவர் வரும்வரை இருக்கலாம் என்றும் சொல்லிவைக்கிறது. (குடியரசுத் தலைவரின் விருப்பம் எங்கே உருவாகிறது என்பது ஊரறிந்தது.)

1980-ல் மத்தியில் ஆட்சி மாறியது; அக்டோபரில் தமிழ்நாட்டு ஆளுநர் பிரபுதாஸ் பட்வாரி நீக்கப்பட்டார். இடையில் பொறுப்பேற்ற உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி மு.மு. இஸ்மாயில் ராஜ்பவனில் பத்து நாள்கூட இல்லை.

சுர்ஜித் சிங் பர்னாலா கதை இன்னும் சுவை. 1991-ல் ஆளுநராக இருந்தவர், தி.மு.க. அரசைக் கலைக்க அறிக்கை தர மறுத்தார். அறிக்கை இல்லாமலே ஆட்சி கலைந்தது. அவருக்குப் பீகாருக்கு மாற்றல் வந்தது. மனிதர் ராஜினாமாவை நீட்டிவிட்டுக் கிளம்பினார். 2004-ல் மறுபடி சென்னைக்கே வந்து 2011 வரை இருந்தார்.

அடுத்து வந்த ஆளுநர் ரோசய்யா மட்டும் 2011 ஆகஸ்டு 31 முதல் 2016 ஆகஸ்டு 30 வரை, நாள் பிசகாமல் ஐந்தாண்டு. அவர் போனபின் ஓராண்டுக்கு மேல் தமிழ்நாட்டுக்கென்று தனி ஆளுநரே இல்லை. மகாராஷ்டிர ஆளுநர் வித்யாசாகர் ராவ்தான் கூடுதலாகக் கவனித்துக்கொண்டார்.