வழக்குப் போடாத நண்டு

கேள்வி: மைசூரு பக்கம் வயல் வரப்பில் நண்டு வளை பார்த்தேன். கடலே இல்லாத ஊருக்கு நண்டு எப்படி வந்தது?
– ஒரு வாசகர், மைசூரு

பதில்: வரவே இல்லை, பரம்பரைக் குடி! கடல் நண்டின் குஞ்சு மிதந்தே ஊர் சுற்றும். நன்னீர் நண்டுக்கு அந்தப் பருவமே கிடையாது. முட்டையிலிருந்து முழு நண்டாகவே பிறந்து, தாயின் வயிற்று மடிப்பில் கொஞ்சநாள் ஒண்டியிருக்கும். பிறகு அதே ஓடை, அதே வயல். இப்படி ஊரைவிட்டு நகராததால்தான் மலைக்கொரு இனமாகப் பிரிந்து கிடக்கின்றன. சின்னஞ்சிறு இலங்கையிலேயே சுமார் 50 இனங்கள். ஏறக்குறைய எல்லாமே அங்கு மட்டும் வாழ்பவை.

தண்ணீர் வற்றினால் வயல் நண்டு ஈரம் தட்டும்வரை வளை தோண்டி இறங்கிவிடும். கால்வாயில் தண்ணீர் வந்ததும் மேலே வரும். இரு மாநிலத்திலும் காவிரிக்குக் காத்திருந்தும், கோர்ட்டுக்குப் போகாத ஒரே ஜீவன் அதுதான்!