தேர் முடிஞ்சு வர்றேன் சார்

எங்கள் வாசல் குழாய் எந்த நாளில் சொட்ட ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. நரைமுடி மாதிரிதான். முதல் முடி கண்ணில் படாது. ஒரு நாள் கண்ணாடியில் பார்த்தால் காதோரம் முழுக்க வெளுத்திருக்கும். போன வைகாசியில் ஒரு ராத்திரி கரண்ட் போய், ஃபேன் நின்று, தெருவே அடங்கிக் கிடந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. டொக். கொஞ்சம் இடைவெளி. டொக். குழாய்க்குக் கீழே கிடந்த அலுமினியக் குண்டானுக்குள், ஒற்றை விரலால் டைப் அடிக்கிற குமாஸ்தாவைப் போல நிதானமாக விழுந்துகொண்டிருந்தது.

எழுந்து போய் இறுக்கி மூடினேன். நின்றது. வந்து படுத்தேன். டொக்.

மறுநாள் ராத்திரி 10 மணிக்கு ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் ஒன்றை அடியில் வைத்தேன். காலை 6 மணிக்குப் பார்த்தால் கழுத்து வரை வந்திருந்தது. எட்டு மணி நேரத்துக்கு ஐந்து லிட்டர் என்றால் ஒரு நாளைக்கு 15, மாதத்துக்கு 450. எங்கள் மாடித் தொட்டியே 500 லிட்டர்தான். அதாவது மாதம் கிட்டத்தட்ட ஒரு தொட்டித் தண்ணீர் மண்ணுக்குப் போகிறது. இதைக் காப்பி நேரத்தில் கொஞ்சம் கம்பீரமாகவே அறிவித்தேன்.

"இதுக்காக ராத்திரி முழுக்க முழிச்சிருந்தியா?" என்றாள் அம்மா.

குழாயை நானே சரிசெய்கிறேன் என்றேன். வீட்டில் வாக்கெடுப்பு நடந்தது. புதுச்சேரிப் பக்கத்துப் பாகூர்க்காரனுக்கு வாக்கெடுப்பு புதிதல்ல. இதோ பக்கத்தில் வில்லியனூரைத் தாண்டினால் கீழூர். 1954 அக்டோபர் 18-ஆம் தேதி அங்கேதான் 178 பேர் கூடி, பிரெஞ்சு ஆட்சியா இந்தியாவா என்று ஓட்டுப் போட்டார்கள். 170 பேர் இந்தியா என்றார்கள். எட்டுப் பேர் வேண்டாம் என்றார்கள். எங்கள் வீட்டில் பிளம்பரைக் கூப்பிட வேண்டும் என்பதற்கு மூன்று ஓட்டு: அம்மா, மனைவி, மகள். எதிர்த்து ஒன்று. அந்த எட்டுப் பேர் அன்றைக்கு எப்படி வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்று முதல் தடவையாக நினைத்துப் பார்த்தேன்.

பிளம்பருக்கு ஃபோன் போட்டேன். "வில்லியனூர் தேர் சார். மாமியார் ஊரு. தேர் முடிஞ்சு வர்றேன்" என்றார்.

வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயில் தேரைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்தே கவர்னர் வந்து வடம் பிடித்து இழுத்துத் தொடங்கி வைப்பது வழக்கம். அன்றைக்கு வெள்ளைக்கார கவர்னர், இன்றைக்குத் துணைநிலை ஆளுநர். ஆக எங்கள் யூனியன் பிரதேசத்தில் கூப்பிட்ட தேதிக்குக் கவர்னர் வந்துவிடுகிறார்; பிளம்பர்தான் வருவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, பெண்கள் மூன்று பேரும் ஒரு காதுகுத்துக்குக் கிளம்பும் நேரமாகப் பார்த்து நான் வேலையில் இறங்கினேன். கையில் பைப் ரிஞ்சு, கட்டிங் பிளேயர், பத்து ரூபாய் டேப். பக்கத்து வீட்டுச் சொல்தா தாத்தா திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்போம். அவருக்குக் குழாய் என்பது இன்றும் ரொபினேதான்.

"தம்பி, ரொபினே கழட்டறதுக்கு முன்னாடி தண்ணிய மூடணும்."

"தெரியும் தாத்தா."

தெரியும்தான். மாடிக்குப் போய்த் தொட்டியடியில் இருக்கும் கேட் வால்வைத் திருகினேன். வீடு கட்டின நாளிலிருந்து யாரும் தொடாத வால்வு. வலப்பக்கம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. எவ்வளவு சுற்றினாலும் ஒரே மாதிரி சுகமாகச் சுற்றியது. உள்ளே இருக்கிற கதவு எந்தக் காலத்திலோ கழன்று போய்விட்டது என்பது அப்போது எனக்குத் தெரியாது. இவ்வளவு சுற்றியாகிவிட்டது, மூடியிருக்கும் என்று எண்ணிக் கீழே வந்தேன்.

மரை லேசில் விடவில்லை. ரிஞ்சைப் போட்டு, சுவரில் ஒரு காலை ஊன்றி, முருகா என்று ஒரு இழுப்பு. குழாய் கையோடு வந்தது. அதன் பின்னாலேயே 500 லிட்டர் தண்ணீரும் வந்தது.

மூஞ்சியில் அடித்த வேகத்தில் கண்ணாடி பறந்தது. கட்டைவிரலை வைத்து அடைத்தேன். ஒரு தாரையாக வந்தது, விரலைச் சுற்றி ஏழெட்டுத் தாரைகளாகி, எதிர்வீட்டுக் கொடித்துணி வரைக்கும் தெளித்தது. புதுச்சேரி அரசு முத்திரையில் இருக்கிறதே, பாரதி பூங்காவின் ஆயி மண்டபம், அதற்குக் காரணமான ஆயியின் கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். மன்னர் அவள் வீட்டைக் கோயில் என்று எண்ணிக் கும்பிட்டுவிட்டார். கோயில் இல்லை என்று தெரிந்ததும் கோபத்தில் இடிக்கச் சொன்னார். அவள் தன் கையாலேயே வீட்டை இடித்து அங்கே குளம் வெட்டினாள் என்பார்கள். நானும் அன்றைக்கு ஏறக்குறைய அந்தப் பாதையில்தான் போய்க்கொண்டிருந்தேன். மண்டபம் கட்டத்தான் ஆள் இல்லை.

பட்டுப்புடவையோடு வாசலுக்கு வந்த அம்மா ஒரு விநாடி பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. விறகுக் குவியலில் இருந்து விரல் பருமன் வேப்பங்குச்சியை எடுத்தாள். அரிவாள்மணையில் நாலு சீவல். பழைய வேட்டித் துணியைச் சுற்றினாள். "கைய எடுடா" என்று சொல்லிச் செருகி, அம்மிக் குழவியால் இரண்டு தட்டுத் தட்டினாள். தண்ணீர் நின்றது.

"உங்க கொள்ளுத் தாத்தா காலத்துல இந்தப் பக்கம் இப்படித்தான் வரும். மூடறதுக்கு யாரும் மெனக்கெட மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுக் காதுகுத்துக்குப் போய்விட்டாள்.

அவள் சொன்னது கதையல்ல. களிமண் அடுக்குக்குக் கீழே மணல் அடுக்கில் தண்ணீர் அழுத்தத்தோடு அடைபட்டுக் கிடந்த பூமி இது. துளை போட்டால் போதும். மோட்டாரும் வேண்டாம், கவலை ஏற்றமும் வேண்டாம், தானாகப் பொங்கி மேலே வரும். ஆர்ட்டீசியன் ஊற்று. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் வில்லியம் கிங் 1880-இல் புதுச்சேரியின் ஆர்ட்டீசியன் கிணறுகளைப் பற்றி எழுதி, இதே மாதிரி சென்னையிலும் கிடைக்குமா என்று ஆராய்ந்திருக்கிறார். சென்னைக்காரர்கள் எங்கள் தண்ணீரைப் பார்த்துப் பொறாமைப்பட்ட காலம் ஒன்று இருந்தது என்பதற்கு அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? பிறகு மோட்டார்கள் வந்தன, உறிஞ்சினோம், அழுத்தம் போயிற்று. இப்போது கடல் பக்கத்துக் கிராமங்களில் உப்பு ஏறுகிறது. மோட்டார் இல்லாமல் தண்ணீர் வந்த ஊரில், நான் மோட்டார் வைத்து மாடிக்கு ஏற்றி, அங்கிருந்து ஒரு கேனளவு தண்ணீரை ராத்திரிக்கு ராத்திரி பூமிக்கே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு வகையில் கடன் அடைப்பு.

கழற்றிய குழாயை எடுத்துக்கொண்டு உள்ளூர்க் கடைக்குப் போனேன். கடைக்காரர் அதை ஒரு எலும்புத்துண்டைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "இப்பல்லாம் யாரு சார் வாஷர் மாத்தறாங்க? பைப்பையே மாத்திடுங்க. கால் சுத்து சுத்தினா போதும், வாஷரே கிடையாது." எங்கள் பக்கம் குழாய்க்கும் பைப்பு என்றுதான் பேர், அது மாட்டியிருக்கும் குழாய்க்கும் பைப்பு என்றுதான் பேர், எந்தப் பைப்பை மாற்றச் சொல்கிறார் என்று புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் ரோஷம் வந்தது. கனமான பித்தளை. கடலூரில் அப்பா வாங்கி வந்தது.

கடலூருக்கே போனேன். எங்களுக்குப் புதுச்சேரி நகரத்தைவிடக் கடலூர்தான் கிட்டம். ஆனால் அது வேறு மாநிலம். முள்ளோடையைத் தாண்டினால் தமிழ்நாடு. அந்தப் பக்கம் போகும் வண்டிகளைச் சரக்குப் பாட்டிலுக்காக நிறுத்திப் பார்ப்பார்கள் என்பது ஊரறிந்த விஷயம். என் ஸ்கூட்டர் டிக்கியில் தினசரித் தாளில் சுற்றி, சணல் போட்டுக் கட்டி, ஒரு சாண் நீளத்தில் கனமாக ஒன்று இருந்தது.

"இன்னா சார் இது?"

"குழாய்."

"குழாயா?"

பிரித்துக் காட்டினேன். காவலர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பிடியைச் சுற்றிப் பார்த்து, வாயில் கண்ணை வைத்துக்கூடப் பார்த்தார். பிறகு அக்கறையோடு, "வாஷர் போயிருக்கும் சார்" என்றார். இந்தியாவில் குழாய் ரிப்பேர் தெரியாத ஒரே ஆண்மகன் நான்தான் என்று அந்த எல்லையில் உறுதியாயிற்று.

வாஷர் கிடைத்தது. கறுப்பு ரப்பர், நடுவில் ஓட்டை, ஐந்து ரூபாய். பெட்ரோல் செலவை வீட்டில் சொல்லவில்லை.

இந்தத் திருகுக் குழாய் ஆங்கிலேயன் சரக்கு. 1845-இல் இங்கிலாந்தின் ராதர்ஹாமில் கெஸ்ட் அண்ட் கிரைம்ஸ் என்ற பித்தளை வார்ப்படக் கம்பெனி காப்புரிமை வாங்கியதாகச் சொல்கிறார்கள். பிடியைத் திருகத் திருக உள்ளே இருக்கும் தண்டு இறங்கி, நுனியில் இருக்கும் வாஷரைத் தண்ணீர் வரும் ஓட்டையின் விளிம்பில் அமுக்கும். அவ்வளவுதான் ரகசியம். சொல்தா தாத்தாவிடம் இதைச் சொன்னபோது, பாண்டிச்சேரியில் இங்கிலீஷ்காரன் சாமான் ஒழுகாமல் என்ன செய்யும் என்றார். ரொபினே என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கும் ஒரு கதை உண்டு. பழங்காலத்தில் அங்கே குழாய் வாயை ஆட்டுத் தலை மாதிரி வார்ப்பார்களாம், ரொபேன் என்பது நம் ஊர் 'மணி' மாதிரி ஆட்டுக்கு வைக்கும் செல்லப் பெயர், அதிலிருந்து ரொபினே. எங்கள் குழாயடிக்குத் தினமும் மாலை நாலு மணிக்குத் தேங்கின தண்ணீரை நக்க வரும் தாத்தா வீட்டு ஆட்டுக்கு இந்த உறவுமுறை தெரிந்திருக்க நியாயமில்லை.

வாஷரை மாற்றி, டேப்பைச் சுற்றி, அம்மாவின் வேப்பங்குச்சியைப் பிடுங்கி, இன்னொரு முறை குளித்து, குழாயைத் திருகி ஏற்றினேன். இப்போது வாயிலும் சொட்டியது, சுவரோரம் மரையிலும் சொட்டியது. டொக், டிக். டொக், டிக். குமாஸ்தாவுக்கு ஒரு அசிஸ்டெண்ட் போட்டாயிற்று.

தேர் நிலைக்கு வந்து எட்டு நாள் கழித்துப் பிளம்பர் வந்தார். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. என் வேலையைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அதுதான் அதிகம் வலித்தது. முதலில் தொட்டியின் வெளிவாயில் துணியை அடைத்துவிட்டு வந்து குழாயைக் கழற்றினார்.

"டேப்பை எதிர்ப்பக்கம் சுத்தியிருக்கீங்க சார். நீங்க உள்ள திருகத் திருக அது பிரிஞ்சு வெளிய வந்துடும். மரை ஓடற பக்கமாத்தான் சுத்தணும்." சொல்லிக்கொண்டே விரலால் இழுத்துப் பிடித்துச் சுற்றினார். பள்ளம் தெரியாமல் மரையோடு மரையாக அது ஒட்டிக்கொண்டது. "அப்புறம் சார், வாஷர் மாத்த முழுப் பைப்பைக் கழட்ட வேணாம். தலையை மட்டும் கழட்டினாப் போதும். நீங்க கழுத்தையே அறுத்துட்டீங்க."

தலையைக் கழற்றி, உள்ளே சுண்டுவிரலை விட்டுத் தடவினார். என் விரலையும் விடச் சொன்னார். வாஷர் உட்காரும் விளிம்பில் ஒரு இடத்தில் மட்டும் நகக்கீறல் அளவுக்குச் சின்னப் பள்ளம். எந்தக் காலத்திலோ ஒரு மணல் அதில் மாட்டியிருக்கும், அதன்மேல் வைத்து இறுக்கி இறுக்கி மூடியிருப்போம். புது வாஷர் போட்டாலும் அந்த வழியாகத் தண்ணீர் தப்பித்துவிடும். நைஸ் உப்புத்தாளைக் குச்சியில் சுற்றி, உள்ளே விட்டு, பம்பரம் விடுவதுபோல நாலு சுற்று. தடவிப் பார்த்தார். இன்னும் நாலு சுற்று. கேட் வால்வையும் மாற்றினார்.

முடிந்தது. சொட்டு இல்லை. "லேசா மூடினாப் போதும் சார். இறுக்கினா வாஷர் அறுந்துடும்" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார்.

லேசாகத்தான் மூட வேண்டும். ஆனால் அன்று ராத்திரி படுத்தபோது அந்த நிசப்தம் நம்பும்படியாக இல்லை. எழுந்து போய் ஒரு இறுக்கு. மறுநாளும் ஒரு இறுக்கு. ஆனி போயிற்று, ஆடி வந்தது. தூங்கப் போகுமுன் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள், குழாய்க்கு ஒரு இறுக்கு என்று பழக்கமாகிவிட்டது.

ஒரு நாள் நாலு மணிக்கு ஆடு வந்து வறண்ட குழாய் வாயை நக்கிவிட்டு என்னையே பார்த்தது. "பாவம்டா, கொஞ்சம் தொறந்து உடு" என்றாள் அம்மா. திறந்தேன். பிடி சுற்றியது. இடப்பக்கம் சுற்றியது, வலப்பக்கமும் அதே சுகத்தோடு சுற்றியது. உள்ளே தண்டு அசையவே இல்லை. மரை கழன்ற கேஸ் என்று அம்மா சொன்னது குழாயையா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஃபோன் போட்டேன்.

"சொல்லுங்க சார். ஒழுவுதா?"

"இல்லப்பா. வரவே மாட்டேங்குது."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பின்னால் எங்கோ மேளம் மட்டும் கேட்டது.

"வீராம்பட்டினம் தேர் சார். முடிஞ்சு வர்றேன்."